தேசப்பனுக்கு விழுந்த சீட்டு

பழவேற்காட்டில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "நாஷ்டா ஆச்சா?" என்பதுதான். பஸ் நடத்துனர் கேட்டார். ஆட்டோக்காரர் கேட்டார். நான் தங்கிய அறைக்கு எதிரே வலை உலர்த்திக்கொண்டிருந்த மனிதர் என் பெயரைக் கேட்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிட்டார். எங்கள் மன்னாரில் "எங்கை போறியள்?" என்று கேட்போம். போகிற இடத்தை அறியும் ஆசை எங்களுக்கு, வயிற்றின் நிலவரத்தை அறியும் ஆசை இவர்களுக்கு. இரண்டாம் நாள் நானும் "நாஷ்டா ஆச்சா?" என்று எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்கத் தொடங்கிவிட்டேன். "சிலோன் அக்கா நம்ம ஆளாயிடுச்சு" என்றார்கள்.

கடல் தாண்டி நான் வந்தது ஒரு பயிற்சிக்காக. மன்னாரில் எனக்குக் கைபேசி திருத்தும் சின்னக் கடை இருக்கிறது. திரை உடைந்ததென்று வருபவர்கள், "அக்கா, இதில வந்திருக்கிறது உண்மையோ?" என்று கைபேசியை நீட்டுவார்கள். ஒரு சமயம் எங்கள் சந்தைக்கடை ஒன்றைப் பொய்ச் செய்தி ஒன்று எரிக்கப் பார்த்தது. அடுத்த ஊர்க்காரர்கள் பாலில் மருந்து கலக்கிறார்கள் என்ற கதை. வந்தவர்களிடம் கதைத்துக் கதைத்து அன்றைக்கு ஆறவைத்தோம். அதற்குப் பிறகு கைபேசியில் பரவும் வெறுப்பைப் பற்றி வகுப்பெடுக்கிறவர்கள் என்னையும் கூப்பிடத் தொடங்கினார்கள். நான் படித்து வந்தவள் இல்லை. கதை கேட்டு வந்தவள். சென்னையைச் சேர்ந்த நிர்மலா முறையாகப் பாடம் நடத்துவார், நான் நடுவில் கதை சொல்வேன். எப்படிப் பயணச்சீட்டு எடுத்தேன், எந்த வழியாக வந்தேன் என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் ஏறிய பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. எனக்கு முன் இருக்கையில் காலி மீன் அன்னக்கூடைகளோடு இருந்த பெண்மணி எழுந்து, "எறங்குங்க எறங்குங்க, பஸ்சுக்கு கால் சுளுக்கிக்கிச்சி" என்று நடத்துனருக்கு முன்பே அறிவித்துவிட்டார். புளியமரத்தடியில் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு, முதலில் என்னை, பிறகு ஒரு கர்ப்பிணியை, பிறகு தன்னை உட்காரவைத்தார். ஆண்கள் நின்றார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. கடைசியில் ஐஸ் பெட்டி ஏற்றிய ஷேர் ஆட்டோ ஒன்று என்னை ஏற்றிக்கொண்டது. பெட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர் என் சேலையை நனைத்துக்கொண்டே வந்தது. மன்னாரிலிருந்து புறப்பட்ட அதே வாசத்தோடு பழவேற்காட்டில் இறங்கினேன்.

இரவுச் சாப்பாடு ஏரி நண்டுக் குழம்பு. நாங்கள் தேங்காய்ப்பாலில் வைப்போம், இவர்கள் புளியும் மிளகும் போட்டு மூக்கில் நீர் வரவைக்கிறார்கள். நான் ஓட்டைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தேன். மெஸ்காரப் பெண், "நண்ட பாத்துகினு இருந்தா அது வாய்க்குள்ள நடந்து வராதுக்கா, ஒடைங்க" என்றாள். உடைத்தேன். எங்கள் ஊர் நண்டு கோபித்துக்கொள்ளக்கூடாது, ஆனால் அப்படி ஒரு இனிப்பான சதையை நான் சாப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை பயிற்சி. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். வாழையிலை போடும் நீள மேசைகளில் கிராமச் செவிலியர்கள், பள்ளி ஆசிரியர்கள், இரண்டு நிருபர்கள், காவல் நிலையத்திலிருந்து தலைமைக் காவலர் ஏழுமலை. மக்களோடு தினமும் பழகும் வேலையில் இருப்பவர்கள், வெறுப்புப் பேச்சைக் கண்டால் அடையாளம் காணவும், கண்டபின் என்ன செய்வதென்று தெரிந்துகொள்ளவும் வந்திருந்தார்கள்.

நிர்மலா சில செய்திகளை அச்சடித்துக் கொடுத்து, எது கிண்டல், எது கோபம், எது வெறுப்பு என்று பிரிக்கச் சொன்னார். ஏழுமலை எல்லாவற்றையும் இரண்டே குவியலாகப் பிரித்து வைத்திருந்தார்.

"இது இன்னாங்க ரெண்டு?" என்றார் நிர்மலா.

"கேஸு இருக்கு, கேஸு இல்ல" என்றார் ஏழுமலை. கூடம் குலுங்கியது.

ஆனால் அதன்பின் நடந்த பேச்சு நன்றாக இருந்தது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள் இங்கிருந்து பார்த்தாலே தெரியும். அதைப் பற்றிய செய்திகள் இரண்டு அந்தத் தாள்களில் இருந்தன. ஒன்று, துறைமுகம் விரிந்தால் எங்கள் கரை போய்விடும் என்று காட்டமாகத் திட்டியது. இன்னொன்று, அங்கே வேலைக்கு வந்த வெளிமாநிலத்துப் பையன்களைப் பூச்சிகள் என்றது. இரண்டையும் ஒரே குவியலில் போட்ட ஆசிரியர் ஒருவரிடம் ஒரு செவிலியர் மெதுவாகச் சொன்னாள்: "சார், மொதலாவது ஒரு வேலைய வேணாங்குது. ரெண்டாவது ஒரு ஆள வேணாங்குது. மொதலாவத திட்டலாம், எழுதலாம், ரோட்ல ஒக்காரலாம். ரெண்டாவதுல அந்தப் பையன் இன்னா செஞ்சான்னே இல்ல. பொறந்ததுதான் தப்பு."

நிர்மலா அரை மணி நேரம் திரையில் காட்ட வைத்திருந்ததை அவள் முடித்துவிட்டாள். "உங்க பேரு?" என்றார்.

"கஸ்தூரி."

மதியச் சாப்பாட்டின்போது கஸ்தூரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும். ஏரிக்கரைக் குடும்பத்துப் பெண். அவள் அம்மாவும் அப்பாவும் பனையோலைப் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். அப்படிப் பிடித்துப் படிக்கவைத்த மகள் இன்றைக்கு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு மீனவக் குப்பத்துக்கு நர்சம்மா. குப்பத்தின் பெயரை எழுதவேண்டாம் என்று அந்த ஊரார் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

"யக்கா, ஒண்ணு கேக்கறீங்களா?" என்று கைபேசியை என் காதில் வைத்தாள்.

ஒரு ஆண் குரல். சிரித்துக்கொண்டே பேசியது. "சேத்துல தடவற கையி. அந்தக் கையால போட்ற ஊசி நம்ம புள்ளைங்களுக்கா? அவங்க ஜனமே நோவு புடிச்ச ஜனம். குப்பத்துப் பொம்பளைங்களே, உஷாரா இருங்க." பின்னால் இன்னும் சிலர் சிரிக்கும் சத்தம்.

குரலுக்குரியவர் தேசப்பன் என்று அந்தக் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏரியில் எங்கே யார் இறங்கலாம் என்று குப்பத்துக்கும் கஸ்தூரியின் ஏரிக்கரை ஆட்களுக்கும் ஏதோ வாய்த்தகராறு, அந்தக் கோபத்தில் பேசியிருக்கிறார். சிரிப்பாக இருந்ததால் பரவிவிட்டது. போன புதன்கிழமை தடுப்பூசி நாளில் கஸ்தூரி பெட்டியோடு போய் உட்கார்ந்தாள், ஒரு தாய்கூட வரவில்லை.

ஏழுமலை எதிரிலிருந்து கேட்டுவிட்டார். "கேஸு இருக்கு" என்று எழுந்தார்.

"ஒக்காருங்க சார்" என்றாள் கஸ்தூரி. "நாளைன்னிக்கி புதன்கிழமை. பக்கத்து ஊர்ல தட்டம்மை வந்துகீது. நீங்க அவர ஸ்டேஷனுக்கு இஸ்துகினு போனா எந்தப் பொம்பள புள்ளைய தூக்கினு என்கிட்ட வருவா? என் கோவம் தீர்றதா எனக்கு வேணும்? கொழந்தைங்க ஊசிக்கு வரணும். அவ்ளோதான்."

ஏழுமலை உட்கார்ந்தார். சட்டம் தெரிந்த ஒரு மனிதர், கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு செவிலிப் பெண் சொல்லக் கேட்டு, பொறுத்திருந்தது எனக்குப் பிடித்தது. "கேஸு எங்கயும் ஓடிப் போவாது" என்று மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாயங்காலம் குப்பத்தின் ஊர் நிர்வாகி முனுசாமிக்கு, ஊரைக் கூட்டச் சொல்லி போன் போட்டவரும் அவர்தான்.

செவ்வாய் காலை முனுசாமி தன் படகையே எடுத்துக்கொண்டு எங்களை அழைத்துப் போக வந்தார். நான், நிர்மலா, கஸ்தூரி, சீருடை இல்லாமல் ஏழுமலை. சீருடை இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை, கடைசியில் என் குடையைப் பிடித்துக்கொண்டார்.

பாதி ஏரியில் படகு தரைதட்டியது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனதால் தண்ணீர் ஏறவில்லை என்றார் முனுசாமி. கழியை ஊன்றித் தள்ளினார். ஏழுமலை குடையை என்னிடம் தந்துவிட்டு வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினார். முழங்கால்வரை சேறு. "சார், போலீஸ் எறங்கியும் படகு நகரலியே, இதும்மேல இன்னா கேஸு போடப்போறீங்க?" என்றார் முனுசாமி. கஸ்தூரிதான் அதிகம் சிரித்தாள். தூரத்தில் பூநாரைகள் ஒரு நீளமான இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. எங்கள் பக்கத்திலும் வரும், ஆனால் இவ்வளவு சாவகாசமாக அவற்றைப் பார்க்கப் படகு தரைதட்டவேண்டியிருக்கிறது.

தண்ணீருக்குக் காத்திருந்தபோது முனுசாமி பாடு முறையைச் சொன்னார். ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்களைப் பாடு என்கிறார்கள். அந்த இடங்களில் யார் என்றைக்கு வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். பணக்காரன் ஏழை, சண்டைக்காரன் சமாதானக்காரன் என்று எதுவும் கிடையாது. சீட்டில் யார் வீடு வந்ததோ அன்றைக்கு அந்த இடம் அந்த வீட்டுக்கு.

"பாடு யாருதோ அவன் வெச்சதுதான் சட்டம்" என்றார். "அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லன்னாலும் அவன் நாள்ல நான் வலை வுட மாட்டேன். வுட்டா என் ஊட்ல பொண்ணு எடுக்க மாட்டான் எவனும்."

எங்கள் பக்கத்தில் கரைவலைக்கு முறை உண்டு. ஆனால் முறை பிசகினால் கல்யாணம் வரை போகும் என்று நான் கேட்டதில்லை.

தண்ணீர் ஏறியது. குப்பம் வந்து சேர்ந்தோம். அம்மன் கோயிலுக்கு முன்னால் தகரக் கொட்டகையில் கூட்டம். ஆண்கள் மணலில், பெண்கள் ஓரத்தில். தேசப்பன் ஒரு தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எதிர்பார்த்த மாதிரி முரட்டு ஆள் இல்லை. ஒல்லியாக, கண்ணில் சிரிப்பு இருக்கிற முகம். இந்த மனிதர் எதைச் சொன்னாலும் நாலு பேர் சிரிப்பார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

நிர்மலா பேச எழுவதற்குள் முனுசாமி கையைக் காட்டினார். கோயில் மைக்செட்டில் ஒருவர் கைபேசியை ஒட்டவைத்தார். அடுத்த கணம் குழாய் ஒலிபெருக்கி நான்கிலும் அந்தக் குரல்: "சேத்துல தடவற கையி..."

முழுவதும் போட்டார்கள், சிரிப்புச் சத்தம் உட்பட. ஒலிபெருக்கியில் இரண்டு கடலைப் பார்த்தும் இரண்டு ஏரியைப் பார்த்தும் இருந்தன. ஏரிக்கு அந்தப் பக்கம்தான் கஸ்தூரியின் அம்மா வீடு.

முடிந்ததும் கஸ்தூரியின் கைபேசி அடித்தது. எடுத்தாள். அந்த அமைதியில் அம்மாவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "இன்னாடி, உன்ன இன்னாவோ மைக்ல சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லமா. அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். தலையை நிமிர்த்தியேதான் வைத்திருந்தாள்.

"ஏங்க இதப் போட்டீங்க?" என்றார் நிர்மலா. இரண்டு நாளில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான்.

முனுசாமி உண்மையாகவே குழம்பிப்போனார். "எங்க வழக்கம் அப்படிங்கமா. ஒருத்தன் பேசனதுக்கு நியாயம் கேக்கணும்னா பேசனத ஊரு மொத்தமா காது குடுத்து கேக்கணும். பாதி மறைச்சி பாதி சொன்னா அது அவனுக்கு அநியாயம்."

எவ்வளவு நல்ல வழக்கம் என்று யோசித்துப் பாருங்கள். யாரையும் கேட்காமல் தண்டிப்பதில்லை, காற்றில் வந்த பேச்சை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்த நேர்மையே அன்றைக்குக் கஸ்தூரியை இன்னொரு முறை அடித்தது. கைபேசி இல்லாத கிழவர்கள் காதுக்கும், அக்கரையில் இறால் தடவிக்கொண்டிருந்த அவள் அப்பா காதுக்கும் அது போய்விட்டது.

நிர்மலா அதைத்தான் சொன்னார், இப்போது தணிந்து. "நீங்க நியாயமா நடக்கணும்னுதான் செஞ்சீங்க. ஆனா இந்தப் பேச்சுக்கு ஒரு கொணம் இருக்குங்க. நாம திட்டறதுக்காகப் போட்டாலும் அது வேலைய செஞ்சிடும். இன்னா சொன்னாருன்னு நாலு வார்த்தையில சொல்லிட்டு, அது ஏன் தப்புன்னு பேசனா போதும். அந்த வார்த்தைங்கள மறுபடி ஓட வுடக்கூடாது."

முனுசாமி தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கஸ்தூரியைப் பார்த்தார். "தப்பாயிடுச்சிமா" என்றார். ஊர் முன்னால், ஊர் நிர்வாகி, இளம் பெண்ணிடம். எத்தனை ஊரில் இது நடக்கும்?

தேசப்பன் தூணை விட்டு நகரவில்லை. "நான் கோவத்துல பேசனேன். எங்க எடத்துல எறங்கனாங்க, பேசனேன்."

"எறங்கனது அவளா?" பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். மடியில் கைக்குழந்தையோடு ஒருத்தி. மல்லிகா, தேசப்பனின் மனைவி என்று கஸ்தூரி என் காதில் சொன்னாள்.

"அவ ஜனம்" என்றார் தேசப்பன்.

"உங்க அண்ணன் நேத்து குடிச்சிட்டு ரோட்ல வுழுந்து கெடந்தாரே, அதுக்கு நான் உன்ன மோந்து பாக்கட்டுமா?"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. தேசப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்களைச் சிரிக்கவைத்தே பழகியவருக்கு அது புதிதாக இருந்திருக்கும்.

கஸ்தூரி எழுந்தாள். "யாரும் என் கால்ல வுழ வேணாம். நாளைக்கி ஊசி. போன வாரம் மருந்த எடுத்தாந்து அப்படியே திருப்பி எடுத்துனு போனேன். தட்டம்மை வந்தா இது எந்தக் கரைன்னு பாத்துகினு வராது." உட்கார்ந்துவிட்டாள். மன்னாரிலிருந்து நான் கொண்டுபோன கதை எதுவும் அதற்குமேல் தேவைப்படவில்லை.

ஊரின் வாட்ஸ்அப் குழுவில் வருவதையெல்லாம் பார்த்து, சரியானதை மட்டும் அனுப்ப ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றார் நிர்மலா. இருக்கிற பொறுப்பாளர் சென்னையில் வேலை பார்க்கும் பையன், அவன் குழுவைத் திறந்தே பல நாள் ஆகிறது. யார் ஏற்பது? எல்லோரும் மணலைப் பார்த்தார்கள். "பேஜாரு புடிச்ச வேல. தடுத்தா தடுத்தவன திட்டுவான், வுட்டா வுட்டவன திட்டுவான்" என்றார் ஒருவர். மன்னாரிலும் இதே இடத்தில்தான் வண்டி நிற்கும். ஒரு ஆளைப் போடுவோம், மூன்று மாதத்தில் அவர் ஓய்ந்துபோவார்.

மல்லிகாதான் மறுபடி. "யாரும் மாட்டேன்னா பாடுக்குப் போட்ற மாதிரி சீட்டு போடுங்க. ஊட்டுக்கு ஒரு நாளு."

அவள் பாதி கேலியாகத்தான் சொன்னாள். சிரிக்க வாயெடுத்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். முனுசாமி துண்டைத் திரும்பத் தோளில் போட்டார். கோயிலிலிருந்து ஒரு சொம்பு வந்தது. வீட்டுப் பெயர்கள் எழுதிச் சுருட்டிப் போட்டார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளின் பெயரும் போடவேண்டும் என்று பெண்கள் பக்கம் சத்தம் எழ, அதையும் போட்டார்கள். முறை யாருக்கோ அன்றைக்கு அவர் மட்டுமே குழுவில் பதிவிடலாம். மற்றவர்கள் அவருக்கு அனுப்பவேண்டும், அவர் பார்த்துப் போடுவார். ஒரு நாள். அடுத்த நாள் அடுத்த வீடு.

ஒரு பெண்குழந்தை கையை விட்டு, அன்றைய பொறுப்புக்கான முதல் சீட்டை எடுத்தது. முனுசாமி பிரித்தார். படித்தார். மறுபடி படித்தார்.

"தேசப்பன்."

நிர்மலா என் கையைப் பிடித்தார். "இது மட்டும் வேணாங்க. வேற எடுக்கலாம். இவரு கடைசியில வரட்டும்" என்றார் முனுசாமியிடம்.

அதுவரை ஆளுக்கொன்று பேசிய கூட்டம் ஒன்றாகத் திரும்பியது. "சீட்ல வந்துட்டா வந்துட்டதுதாம்மா!" தேசப்பனைத் திட்டிய ஆட்கள்கூட அதைத்தான் சொன்னார்கள். அவருக்கு எதிராகச் சீட்டை மாற்றினால் நாளைக்கு எங்கள் சீட்டும் மாறும் என்ற பயம் அதில் இருந்தது. மிச்சம் அந்த முறைமேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை. கஸ்தூரியைப் பார்த்தேன். நாளைய ஊசி இப்போது அந்தக் குரலின் கையில்.

முனுசாமி வீட்டில் மடவை மீன் வறுவலும் இறால் தொக்கும். வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். அன்றைக்கு இறங்கவில்லை. கை கழுவும்போது தேசப்பன் கைபேசியோடு வாசலில் வந்து நின்றார்.

"இன்னாங்க இது, நிமிசத்துக்கு ஒண்ணு வருது. ஐஸ் வெலை கேக்கறான் ஒருத்தன். தொலஞ்ச ஆட்டுக்குட்டி போட்டோ போட்றா ஒருத்தி. நாளைக்கி ஊசி உண்டா இல்லையான்னு பொம்பளைங்க என்னியே கேக்கறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "இத பாருங்க" என்றார். அவருடைய மச்சான் அனுப்பியது. கஸ்தூரியின் படத்தோடு, அவள் அப்பாவையும் சேர்த்து ஒரு அசிங்கம். தேசப்பனின் பேச்சை அது பின்னால் தள்ளிவிடும். கீழே எழுதியிருந்தது: மாமா, ஒன்னோடத விட இது எப்படி?

என் வாயில் நல்ல பதிலொன்று தயாராக இருந்தது. நிர்மலா என் காலை மிதித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடுவதற்கு எனக்குப் பயிற்சி வேண்டும் என்று என் கணவர் அடிக்கடி சொல்வார், அந்தப் பயிற்சி பழவேற்காட்டில் கிடைத்தது.

தேசப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்தது. அது வெட்கமா கோபமா என்று எனக்குத் தெரியாது.

"இன்னிக்கி என் பாடு" என்றார் மெல்ல. "என் பாட்ல இவன் எதுக்கு வலை வுட்றான்?"

அழித்தார். மச்சானுக்கு அங்கேயே போன் போட்டார். அவர் பேசியதை அச்சில் போட முடியாது. கஸ்தூரிக்கு அது அநியாயம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் முறையில் இன்னொருவன் கை வைத்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பயிற்சியில் இதற்கு ஒரு பெயரும் இல்லை. ஆனால் அந்த அசிங்கம் அவர் கையோடு நின்றது.

பொழுது சாயும் நேரத்தில் கரையில் நின்றோம். அக்கம்பக்கத்துக் கைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. அதே குரல், இந்த முறை பின்னால் சிரிப்பு இல்லாமல்: "எல்லாரும் கேக்கறீங்க. நாளைக்கி ஊசி உண்டு. பால்வாடி எதிர்ல. கஸ்தூரி வரும். கொழந்த வெச்சிருக்கவங்க கூட்டினு வாங்க." தொண்டையைச் செருமும் சத்தம். "நாங்களும் வரோம்."

ஏழுமலை குடையைத் தரையில் ஊன்றி நின்றார். "இதுக்கு நான் எந்தப் பிரிவுல கேஸு போடறது?" என்றார்.

புதன்கிழமை கஸ்தூரி நீல நிறத் தடுப்பூசிப் பெட்டியோடு எங்களுடன் முதல் படகிலேயே வந்துவிட்டாள். பால்வாடிக்கு எதிரே மேசை போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவிய கையை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காய வைத்தாள். வேண்டுமென்றே செய்தாளா, வழக்கமா என்று நான் கேட்கவில்லை. தெருவில் யாரும் இல்லை. வலை பின்னுகிற இருவர், ஒரு நாய். முனுசாமியின் மனைவி டீ கொண்டுவந்தார். ஆறியது.

பிறகு மல்லிகா குழந்தையோடு வந்தாள். பின்னால் தேசப்பன். அவர் முறை முடிந்து, குழுவின் பொறுப்பு, மீன் விற்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தது. அவர்கள் தெருவைக் கடந்ததைப் பார்த்துத்தானோ என்னவோ, கதவுகள் திறந்தன. ஒரு வரிசை உண்டானது. எல்லோரும் வரவில்லை. கோயிலுக்குப் பின் தெருவிலிருந்து ஒருவரும் இல்லை. அவர்களை அடுத்த வாரம் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பேன் என்றாள் கஸ்தூரி. ஆனால் பெட்டி அன்றைக்கு அப்படியே திரும்பிப் போகவில்லை.

குழந்தையைத் தேசப்பன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஊசியைப் பார்த்ததும் அவர் கண்ணை மூடினார்.

"கண்ண தொறங்க. கைய கெட்டியா புடிங்க, ஆட்டிக்கும்" என்றாள் கஸ்தூரி.

திறந்தார். பிடித்தார். குழந்தை வீறிட்டது. தேசப்பனும் ஏதோ சத்தம் போட்டார். "அதுக்குத்தாங்க ஊசி, உங்களுக்கில்ல" என்றாள் அவள். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு இருவரும் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ பேசினார்கள். எனக்கு எட்டவில்லை. அங்கே நின்ற ஏழுமலைக்கும் எட்டவில்லை, அவர் முகத்திலேயே தெரிந்தது.

மத்தியானம் திரும்பும் படகில் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "மன்னிப்புக் கேட்டாரோ, பிள்ளை?"

"இல்லக்கா."

"பிறகென்ன கதைச்சவர்?"

"ராத்திரி கொழந்தைக்கு காய்ச்சல் வருமான்னு கேட்டாரு. வந்தா வரும், சிரப்பு குடுங்கன்னேன். எவ்ளோன்னு கேட்டாரு, சொன்னேன். அப்பறம் என் நெம்பர் கேட்டாரு."

"குடுத்தனியோ?" நிர்மலாவும் நானும் ஒன்றாகக் கேட்டோம்.

கஸ்தூரி பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு எங்களை ஒரு மாதிரி பார்த்தாள்.

"குடுக்காம? கொழந்தைக்கு காய்ச்சல் வந்தா அவரு யாருக்கு போன் பண்ணுவாரு?"